செப்டம்பர் இமயமலை நடைக்குச் சென்னையிலிருந்து என்ன துணி எடுத்துப் போவது?

இமயமலைக்கு டிரெக்கிங் போகிறேன் என்று சென்னையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "ஐயோ, அங்கே குளிருமே!" என்பதுதான் முதல் பதில். அப்புறம் பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து ஒரு ஸ்வெட்டர் இறங்கும். ஊட்டியில் வாங்கிய சால்வை வரும். பக்கத்து வீட்டு அண்ணன் தன் லெதர் ஜெர்க்கினைக் கொண்டுவந்து தருவார். எல்லாவற்றையும் அடுக்கினால் துணி மட்டுமே ஆறேழு கிலோவைத் தொடும். அன்பாகத்தான் தருகிறார்கள். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஏறப்போவது நீங்கள் ஒருவர்தான்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை, மலையில் கோடை வடியும் நேரத்தில், முதன்முதலாகத் தன் பையைத் தானே சுமந்து நான்கைந்து நாள் நடக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக ஹம்ப்தா பாஸ் பாதையை வைத்துக்கொள்வோம். மணாலிக்குப் பக்கத்தில் ஜோப்ராவில் தொடங்கி, சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயைத் தாண்டி, லாஹௌல் பக்கம் சத்ருவில் இறங்கும் பாதை அது. ஏறும் பக்கம் பச்சையும் மழையும். இறங்கும் பக்கம் வறண்ட பாறையும் குளிர்காற்றும். இரண்டுக்கும் ஒரே பையில் துணி வேண்டும் என்பதால் கற்றுக்கொள்ள நல்ல பாதை.

படி 1: குளிரைக் கணக்கில் கொண்டுவாருங்கள்

ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். சென்னையில் 33 டிகிரி என்றால், ஊட்டியின் 2,240 மீட்டருக்கு ஏறும்போது கிட்டத்தட்ட 15 டிகிரி கழிந்துவிடும். மணாலி சுமார் 2,050 மீட்டர்தான். அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வு. ஊட்டிக்குப் போய்வந்தவர்களுக்கு மணாலியின் செப்டம்பர் புதிதாக ஒன்றும் செய்துவிடாது. அதற்கு மேலே இருக்கும் இன்னொரு இரண்டாயிரம் மீட்டருக்குத்தான் தயாராக வேண்டும். அங்கே பகலில் வெயில் அடித்தால் டி-ஷர்ட் போதும். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் அரை மணி நேரத்தில் பல் தந்தியடிக்கும். இரவில் உறைநிலையை ஒட்டி வரும், சில நாள் அதற்குக் கீழேயும் இறங்கும்.

இதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குளிரும் என்று நினைத்துவிட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு கிலோ பையோடு ஏறும்போது நம் ஊர் மே மாதத்தில் பஸ் பிடிக்க ஓடுகிறமாதிரி வியர்க்கும். நடக்கும்போது சூடு, நின்றால் குளிர், படுத்தால் கடுங்குளிர். இந்த மூன்று நிலைக்கும் சேர்த்துத்தான் துணி.

படி 2: குளிரைவிட ஈரத்துக்குப் பயப்படுங்கள்

இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது. தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். பத்து டிகிரியில் காய்ந்த துணியோடு நிற்பவர் சௌகரியமாக டீ குடித்துக்கொண்டிருப்பார். அதே இடத்தில் நனைந்த பனியனோடு நிற்பவருக்கு உதடு நீலமாகும். மழையில் நனைந்தாலும் ஒன்றுதான், சொந்த வியர்வையில் நனைந்தாலும் ஒன்றுதான்.

ஆகவே ஒரு துணியை எடுத்தால் "இது எவ்வளவு கனமாக, கதகதப்பாக இருக்கிறது" என்று பார்க்காதீர்கள். "நனைந்தால் எவ்வளவு சீக்கிரம் காயும்" என்று பாருங்கள். சீக்கிரம் காயும் துணி பெரும்பாலும் எடையும் குறைவாகவே இருக்கும். இரண்டு நாள் போட்ட ஒன்றையே துவைத்துப் போடலாம் என்பதால் எண்ணிக்கையும் குறையும்.

இங்கேதான் பருத்தி அடிபடுகிறது. சென்னை வெயிலுக்குப் பருத்தியைப் போல ஒன்று கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது வியர்வையைக் குடித்து மெதுவாக ஆவியாக்குவதால்தான் நமக்குக் குளுகுளுவென்று இருக்கிறது. அதே குணம் மலையில் எதிரி. சாதாரண காற்றின் ஈரத்திலேயே பருத்தி நூல் தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. கம்பளி இன்னும் அதிகமாக, பதினைந்து சதவீதத்துக்கு மேல் இழுக்கும். ஆனால் ஈரம் நாருக்கு உள்ளே போய்விடுவதால் தோலில் சில்லென்று ஒட்டாது, கதகதப்பும் முழுக்கப் போய்விடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பருத்தி டி-ஷர்ட்டையும் ஒரு கால்பந்து ஜெர்சியையும் வாளியில் முக்கி, கையால் முறுக்கிப் பிழிந்து, ஹாலில் ஃபேனுக்குக் கீழே இரண்டு நாற்காலியில் போடுங்கள். படுக்கப் போகும்முன் தொட்டுப் பாருங்கள். ஜெர்சி ஏறக்குறைய காய்ந்திருக்கும். ஓரத் தையலில் மட்டும் ஈரம் தெரியும். பருத்தியில் கழுத்துப் பட்டையையும் அக்குளையும் அழுத்தினால் விரல் நனையும். மலையில் குளிர்ந்த, மேகம் மூடிய மாலையில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். அங்கே பருத்தி மறுநாள் காலையிலும் காய்ந்திருக்காது.

ஜீன்ஸுக்கும் இதே கதைதான். காய்ந்திருக்கும்போதே 700 கிராம் வரும். நனைந்தால் முழங்காலை மடக்க விடாது.

படி 3: உடம்பை ஒட்டி என்ன?

நடக்கும்போது போட பாலியஸ்டர் டி-ஷர்ட் இரண்டு. ஒன்று உடம்பில், ஒன்று பையில். மூன்றாவது வேண்டாம். பிராண்டுக்குப் பணம் கொட்டவும் தேவையில்லை. நேரு ஸ்டேடியம் பக்கம் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைகளில் ஜெர்சி துணியில் முழுக்கை டி-ஷர்ட் கிடைக்கும். திருப்பூரிலிருந்து வரும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் சரக்கிலும் தேடலாம். அங்கே துணியைத் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். வழவழப்பாக இருக்கும், "டிரை" என்று நெஞ்சில் அச்சடித்திருக்கும், உள்ளே பார்த்தால் 60 சதவீதம் பருத்தி என்று இருக்கும்.

முழுக்கைதான் வாங்குங்கள். "வெயிலா, நமக்குப் பழக்கம்தானே" என்று நம்மவர்கள் சொல்வது மலையில் எடுபடாது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. காற்று சில்லென்று இருப்பதால் தோல் கருகுவது தெரியாது. மாலையில் கழுத்தின் பின்பக்கம் தொட முடியாமல் எரியும்போதுதான் தெரியும். காலர் உள்ள, மெல்லிய நைலான் சட்டை இருந்தால் இன்னும் நல்லது. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், பொத்தானைத் திறந்து காற்று வாங்கலாம்.

மெரினோ கம்பளி டி-ஷர்ட் பற்றியும் ஒரு வார்த்தை. மெல்லியது, 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணிக்கு இத்தனை கிராம்) அளவில் இருக்கும், நான்கு நாள் போட்டாலும் பெரிதாக வாடை அடிக்காது. பாலியஸ்டர் இரண்டாம் நாளே கூடாரத்தில் இருப்பவர்களைச் சோதிக்கும். ஆனால் மெரினோ விலை அதிகம், பையின் பட்டை உரசினால் சீக்கிரம் ஓட்டை விழும். முதல் பயணத்துக்கு அவசியமில்லை என்பது என் கட்சி. அந்தக் காசை மழை ஜாக்கெட்டில் போடுங்கள்.

உள்ளாடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் நடை கெடுவது பெரும்பாலும் அங்கேதான். பருத்தி ஜட்டி வியர்வையில் ஊறி, உப்புப் பூத்து, தொடை இடுக்கை அறுத்துவிடும். தொடைவரை நீளும், பாலியஸ்டரும் எலாஸ்டேனும் கலந்த ஸ்போர்ட்ஸ் வகையில் மூன்று போதும். பெண்களுக்குப் பஞ்சுப் பேட் இல்லாத ஸ்போர்ட்ஸ் பிரா இரண்டு. பேட் வைத்தது ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காயவே காயாது. பையின் தோள்பட்டை அழுத்தும் இடத்தில் கொக்கியோ பக்கிளோ இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். உரசும் இடத்தில் காலையிலேயே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டுக் கிளம்பலாம்.

படி 4: காலுக்கு

நடக்க ஒரு டிரெக்கிங் பேண்ட், பையில் மாற்று ஒன்று. மெல்லிய நைலான், 250 முதல் 300 கிராம், முழங்கால் மடங்க இடம் விட்டுத் தைத்தது. வீட்டில் இருக்கும் மெல்லிய பாலியஸ்டர் டிராக் பேண்டும் ஒத்துவரும், பாக்கெட்டுக்கு ஜிப் இருந்தால் போதும். முழங்காலில் ஜிப் வைத்துக் கழற்றி ஷார்ட்ஸாக்கும் பேண்டைப் பலர் விரும்புகிறார்கள். ஹம்ப்தா போன்ற பாதையில் ஓடையைக் கடக்க அது உதவும் என்பது உண்மைதான். பனி உருகி வரும் தண்ணீர், முழங்கால்வரை இறங்கினால் எலும்பு வலிக்கும். ஆனால் ஜிப் மேடு முழங்காலில் உரசுவது சிலருக்குப் பிடிக்காது, வாங்கும்முன் கடையிலேயே பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.

பெண்கள் லெகின்ஸ் போடுவதாக இருந்தால் பருத்தி லெகின்ஸ் வேண்டாம், ஜிம்முக்குப் போடும் வகை சரி. மேலே தொளதொள முழுக்கைச் சட்டை. துப்பட்டாவுக்குப் பதில் கழுத்தில் மாட்டும் குழாய்போன்ற மெல்லிய துணி ஒன்று இருந்தால் கழுத்துக்கு, காதுக்கு, தூசிக்கு மூக்குக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆகும்.

சாக்ஸ் மூன்று ஜோடி. இரண்டு நடக்க, ஒன்று படுக்க. படுக்கும் ஜோடி கூடாரத்தைவிட்டு வெளியே வரக் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் அதைப் போட்டுக்கொண்டு ஷூவுக்குள் காலை விடாதீர்கள். நடக்கும் சாக்ஸ் கம்பளி கலந்ததாக இருக்கட்டும். ஆபீஸுக்குப் போடும் பருத்தி சாக்ஸ் ஈரமானதும் சுருண்டு, குதிகாலில் கொப்புளம் போடும்.

படி 5: நின்றால் போட ஒன்று, படுத்தால் போட ஒன்று

பெரியம்மாவின் ஸ்வெட்டருக்கு மாற்று, ஃப்ளீஸ். பாலியஸ்டரில் செய்த பஞ்சுபோன்ற துணி, 250 முதல் 300 கிராம் வரும், நனைந்தால் உதறிப் போட்டாலே பாதி ஈரம் போய்விடும். முன்பக்கம் ஜிப் உள்ளதாக வாங்குங்கள், ஏறும்போது திறந்துவிடலாம். காற்றுக்கு மட்டும் அது தாங்காது. துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வரும். அதனால்தான் அதன் மேல் இன்னொன்று தேவைப்படுகிறது.

கேம்புக்கு வந்து உட்கார்ந்ததும் போட ஒரு பஃப் ஜாக்கெட். இதில் இரண்டு வகை. வாத்துத் தூவி அடைத்த டவுன் ஜாக்கெட், எடைக்குக் கதகதப்பு என்று பார்த்தால் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. 300 கிராம் சுமார் வரும், அமுக்கினால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுக்குச் சுருங்கும். ஆனால் நனைந்தால் தூவி கட்டி கட்டியாக ஒட்டி, வெறும் துணியாகிவிடும். இன்னொன்று செயற்கைப் பஞ்சு அடைத்தது. கொஞ்சம் கனம், கொஞ்சம் பருமன், ஆனால் ஈரத்திலும் ஓரளவு வேலை செய்யும்.

வடமேற்கு இந்தியாவிலிருந்து பருவமழை விலகத் தொடங்கும் வழக்கமான தேதி செப்டம்பர் 17. இமாச்சலை விட்டுப் போக அதற்குப் பின் இன்னும் சில நாள் ஆகும். ஆகவே ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதியில் போகிறவர்களுக்குச் செயற்கைப் பஞ்சே நிம்மதி. மாதக் கடைசியில் போகிறவர்கள், பையில் ஈரம் புகாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள், தூவியை எடுக்கலாம். எதுவானாலும் அதைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், பத்து நிமிடத்தில் உள்ளே வியர்வைக் குளமாகிவிடும். வாங்க மனமில்லை என்றால் மணாலியில் வாடகைக்குக் கிடைக்கும். ஒரே ஒரு முறை போகிறவர்களுக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஜிப் வேலை செய்கிறதா, தூவி ஒரு மூலையில் போய்த் தேங்கியிருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எடுங்கள்.

படுக்க ஒரு செட் தெர்மல், மேலும் கீழும். நம் ஊர்த் துணிக்கடைகளில் வெண்ணெய் நிறத்தில் கிடைக்கும் தெர்மலில் பல பருத்தி கலந்தவை. தூங்க மட்டும்தான் என்றால் அதுவும் ஒப்பேறும், ஏனென்றால் அது வியர்வையில் நனையப்போவதில்லை. நடக்கும்போது போடாதீர்கள். செப்டம்பரில் தெர்மல் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் முதல் மேட்டிலேயே புதருக்குப் பின்னால் போய்க் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

கடையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியே 34 டிகிரியில் ஆட்டோவில் வந்து இறங்கி, ஏசி கடையில் பஃப் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தால் "அப்பா, என்ன சூடு, இது போதும்" என்றும் தோன்றும், "இது தாங்காது, அதைவிடத் தடியானது எடு" என்றும் தோன்றும். இரண்டையும் நம்பாதீர்கள். சென்னையில் நின்றுகொண்டு குளிரை அளக்க முடியாது. அளக்க முடிந்தது அளவு மட்டும்தான். டி-ஷர்ட், ஃப்ளீஸ், பஃப், மழை ஜாக்கெட் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். இடுப்பு தெரிந்தாலோ அக்குள் பிடித்தாலோ மேலே போடும் ஜாக்கெட் ஒரு அளவு பெரிதாக வேண்டும். ஜாக்கெட் இறுக்கமாகி உள்ளே பஞ்சு அமுங்கிவிட்டால் கதகதப்பும் போய்விடும். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

படி 6: மழைக்கு

காசு செலவழிக்க வேண்டிய இடம் இது. பைக்கில் போகும்போது போடும் ரெயின்கோட்டைத்தான் பலரும் முதலில் எடுக்கிறார்கள். அது தண்ணீரை உள்ளே விடாது, வாஸ்தவம்தான். ஆனால் வியர்வையை வெளியேயும் விடாது. ஏற்றத்தில் ஒரு மணி நேரம் போட்டு நடந்தால் மழையில் நனைந்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. எடையும் ஒரு கிலோவை நெருங்கும்.

டிரெக்கிங் மழை ஜாக்கெட்டின் லேபிளில் 5,000 மி.மீ., 10,000 மி.மீ. என்று போட்டிருக்கும். துணியின் மேல் அத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் ஒழுகத் தொடங்காது என்று பொருள். பையின் பட்டை தோளில் அழுத்தும்போது தண்ணீர் அங்கே பலமாகத் தள்ளும் என்பதால் 10,000 இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், உள்ளே திருப்பிப் பார்த்தால் எல்லாத் தையலின் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் இல்லாத தையல் ஊசி ஓட்டை வழியே ஒழுகும். அக்குளில் ஜிப் இருந்தால் பெரிய வரம், நடக்கும்போது திறந்துவிடலாம். தொப்பியைப் போட்டுக் கயிற்றை இழுத்துத் தலையைத் திருப்பிப் பாருங்கள். தொப்பியும் கூடத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் வருபவரிடம் பேசத் திரும்பினால் தொப்பியின் உட்பக்கம்தான் தெரியும்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், கொட்டுகிற மழையில் ஏறும்போது உள்ளே கொஞ்சம் ஈரம் கட்டும். "காற்றோடும் துணி" என்று விற்பவர்கள் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே கேளுங்கள். மழை நிற்கிறவரை உடம்புச் சூடு வெளியேறாமல் காப்பதுதான் அதன் வேலை. அதை அது செய்தால் போதும்.

பான்சோ, அதாவது தலை வழியாக மாட்டும் மழைப் போர்வை, மலிவு, லேசு, பையையும் சேர்த்து மூடும், அடியில் காற்றும் ஓடும். காட்டுப் பாதையில் அருமையாக இருக்கும். கணவாய் உச்சியில் காற்றடித்தால் மட்டும் தலைக்கு மேல் பறந்து, கால் வைக்கும் இடத்தை மறைக்கும். ஆகையால் கணவாய் தாண்டும் பாதைக்கு நான் பான்சோவைச் சொல்ல மாட்டேன். குடை கொண்டுவருகிறவர்களைச் சிலர் கேலி செய்வார்கள். மரங்களுக்குள் போகும் கீழ்ப் பாதையில், காற்றில்லாத தூறலில், 200 கிராம் மடக்குக் குடையைவிடச் சௌகரியமானது எதுவும் இல்லை. ஒரு கையில் தடி வைத்திருப்பீர்கள், இன்னொரு கை சும்மாதானே இருக்கிறது. பாதை செங்குத்தானதும் மடக்கிவிடுங்கள்.

மழை பேண்ட் ஒன்று, மெல்லியது. மழைக்கு இல்லாவிட்டாலும் கணவாயில் காற்றைத் தடுக்கப் போட்டுக்கொள்ளலாம். ஷூவைக் கழற்றாமல் போடும்படி கணுக்கால் பக்கம் ஜிப் இருக்க வேண்டும்.

பைக்கு மேலே போடும் ரெயின்கவரை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். பைக்கு உள்ளே, தடிமனான பெரிய குப்பைப் பை ஒன்றை விரித்து, அதற்குள் துணியை வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். தெர்மல், படுக்கும் சாக்ஸ், பஃப் மூன்றும் அதற்குள்ளேயே இன்னொரு கவரில் தனியாக இருக்கட்டும். என்ன நனைந்தாலும் இந்த மூன்று நனையக் கூடாது. கையில் காய்ந்த செட் இருக்கும்வரை, எவ்வளவு மோசமான நாளையும் இரவில் சரிசெய்துவிடலாம்.

படி 7: தலை, கை, மற்றது

அகல விளிம்புத் தொப்பி பகலுக்கு. இரவுக்கு ஃப்ளீஸ் குல்லா. மங்கி கேப்பை வைத்துப் பலரும் சிரிப்பார்கள், ஆனால் காதையும் கழுத்தையும் தாடையையும் ஒரே துணியில் மூடுகிற வேலையை அது நன்றாகவே செய்கிறது. வீட்டில் இருந்தால் கூச்சப்படாமல் எடுத்துப் போங்கள். மெல்லிய ஃப்ளீஸ் கையுறை ஒரு ஜோடி. கறுப்புக் கண்ணாடி, ஏனென்றால் கணவாயை ஒட்டிப் பனி மிச்சமிருந்தால் கண் கூசும்.

துண்டு விஷயத்தில் மட்டும் பருத்திக்கு விலக்கு. டர்க்கி டவல் வேண்டாம், மெல்லிய ஈரிழைத் துண்டு ஒன்று போதும். நூற்றுச் சொச்சம் கிராம்தான் வரும், பிழிந்து பைக்கு மேலே விரித்துக் கட்டினால் நடக்க நடக்கக் காயும். ஓடையைக் கடந்து கால் துடைக்க, சூடான பாத்திரம் பிடிக்க, வெயிலில் கழுத்தில் போட என்று ஓய்வே இல்லாமல் உழைக்கும். சமையல் அடுப்பருகே பாலியஸ்டர் சட்டைக் கையை நீட்டுவதைவிட இந்தத் துண்டை மடித்துப் பிடிப்பதுதான் பாதுகாப்பு. செயற்கைத் துணி நெருப்பில் உருகித் தோலில் ஒட்டும். பஃப் ஜாக்கெட்டில் ஒரு பொறி விழுந்தால் ஓட்டைதான்.

ஷூ தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே சொல்ல வேண்டியது, ஓடைக்கும் கேம்புக்கும் பின்பக்கம் பட்டை உள்ள லேசான செருப்பு ஒன்று வேண்டும் என்பது மட்டும். ரப்பர் ஹவாய் செருப்பு ஓட்டத் தண்ணீரில் காலைவிட்டுப் போய்விடும்.

படி 8: தராசில் வையுங்கள்

எல்லாம் வாங்கி முடித்ததும் சமையலறை டிஜிட்டல் தராசை எடுத்து ஒவ்வொரு துணியாக வைத்து எழுதுங்கள். உடம்பில் போட்டிருப்பதைச் சேர்க்க வேண்டாம், பைக்குள் போவது மட்டும். ஒரு சாதாரணக் கணக்கு இப்படி வரும்: மழை ஜாக்கெட் 350 கிராம், மழை பேண்ட் 200, பஃப் 350, ஃப்ளீஸ் 300, தெர்மல் செட் 350, மாற்று டி-ஷர்ட் 150, மாற்று பேண்ட் 280, உள்ளாடை 150, சாக்ஸ் இரண்டு ஜோடி 160, குல்லாவும் கையுறையும் 120, துண்டு 120. கூட்டினால் இரண்டரைக் கிலோ. இந்த எல்லைக்குள் வந்துவிட்டால் சரி.

மூன்று கிலோவைத் தாண்டினால் எதையோ பயத்தில் சேர்த்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அது "எதற்கும் இருக்கட்டும்" என்று வைத்த இரண்டாவது ஃப்ளீஸ், அல்லது போட்டோவுக்காக வைத்த சட்டை. போட்டோ சட்டையை நான் தடுக்கவில்லை, ஆனால் அது மாற்று டி-ஷர்ட்டாகவே இருக்கட்டும். நல்ல நிறத்தில் வாங்கிவிட்டால் முடிந்தது.

தராசு சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. உங்களுக்குச் சளி பிடிக்கும் உடம்பு, ஊட்டியிலேயே நடுங்குவீர்கள் என்றால் பஃப் ஜாக்கெட்டைக் கொஞ்சம் தடிமனாக எடுங்கள். கூடுதல் நூறு இருநூறு கிராமை வேறு எதிலாவது கழித்துக்கொள்ளலாம்.

படி 9: ஊரிலேயே போட்டுப் பாருங்கள்

புதுத் துணியை மலையில் முதன்முதலாகப் போடக் கூடாது. முழு செட்டையும் போட்டுக்கொண்டு, பையில் பத்துக் கிலோ அரிசியோ தண்ணீர்ப் பாட்டிலோ வைத்து, காலையில் பரங்கிமலைப் படிகளில் நாலைந்து தடவை ஏறி இறங்குங்கள். உரசுவது எங்கே, பட்டை அறுப்பது எங்கே என்று சென்னைப் புழுக்கம் உடனே காட்டிக்கொடுக்கும். ஒரு விதத்தில் நம் ஊர் இதற்கு நல்ல சோதனைக்கூடம். இந்த வியர்வையில் தொடை உரசாத பேண்ட் மலையில் கண்டிப்பாக உரசாது.

ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் சென்னையிலும் இடிமழை வரும். வந்ததும் மழை ஜாக்கெட்டைப் போட்டு, தொப்பியைக் கட்டி, பையை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடங்கள். உள்ளே சாம்பல் நிற டி-ஷர்ட் போட்டிருந்தால் எங்கே நனைந்திருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். தோளில் நனைந்திருந்தால் துணி தாங்கவில்லை. கழுத்தில் என்றால் தொப்பி சரியாக இழுக்கப்படவில்லை. முதுகு முழுக்கச் சீராக ஈரம் என்றால் அது உங்கள் வியர்வைதான், ஜாக்கெட்டைத் திட்ட வேண்டாம்.

படி 10: போகும்போது

சென்னை சென்ட்ரலிலிருந்து ரயிலில் டெல்லிக்கு ஒன்றரை நாள் ஆகலாம், அப்புறம் மணாலிக்கு இரவு முழுக்க பஸ். இந்தப் பயணத்துக்குப் பருத்தியே போடுங்கள், சமவெளியில் செப்டம்பரிலும் வேகும். இரவு பஸ்ஸின் ஏசிக்குத்தான் ஃப்ளீஸ் முதலில் வெளியே வரும். விமானம் என்றால் மழை ஜாக்கெட்டையும் பஃப்பையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். செக்-இன் பை வராவிட்டாலும் மற்றதை மணாலியில் வாங்கிச் சமாளிக்கலாம்.

சத்ருவில் இறங்கினாலும் அடல் சுரங்கப்பாதை வழியாக மணாலிக்கே திரும்பப்போகிறீர்கள். ஆகவே பருத்தித் துணி, வேஷ்டி, ஊருக்குத் திரும்பும் சட்டை எல்லாவற்றையும் ஒரு தனிப் பையில் கட்டி, தங்கிய ஹோட்டலிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். பொதுவாக வைத்துக்கொள்வார்கள், முன்பே கேட்டுவிடுங்கள்.

நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் குளிர்கிற அளவுக்குத்தான் போட வேண்டும். சௌகரியமாகக் கதகதப்பாக இருந்தால் கால் மணி நேரத்தில் நின்று கழற்றப்போகிறீர்கள். நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே, ஃப்ளீஸைப் போடுங்கள். கேம்புக்கு வந்ததும் முதல் வேலை டீ அல்ல. நனைந்த டி-ஷர்ட்டைக் கழற்றிக் காய்ந்ததைப் போடுவது. கழற்றியதைக் கூடாரக் கயிற்றில் விரியுங்கள், வெயில் போனதும் எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் காலையில் அப்பளம்போல விறைத்திருக்கும். லேசாக ஈரமுள்ள சாக்ஸை ஸ்லீப்பிங் பேகுக்குள் வயிற்றோடு வைத்துப் படுத்தால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். முழுக்க நனைந்ததை உள்ளே வைக்காதீர்கள், பேகும் சேர்ந்து ஈரமாகும்.

திரும்பி வந்தபின்

மழை ஜாக்கெட்டை மிதமான சோப்பில் கையால் அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் போடவே கூடாது, தண்ணீரை உருட்டிவிடும் மேற்பூச்சைக் கெடுத்துவிடும். நிழலில் முழுக்கக் காய்ந்தபின் ஹேங்கரில் மாட்டுங்கள். பஃப் ஜாக்கெட்டை அதன் குட்டிப் பையில் அமுக்கியே மாதக்கணக்கில் வைக்காதீர்கள், பஞ்சு மறுபடி எழும்பாது. சென்னைப் புழுக்கத்தில் மூடிய பீரோ இரண்டு ஜாக்கெட்டுக்கும் ஆகாது. மழை ஜாக்கெட்டின் உட்பூச்சு ஈரக்காற்றில் பிசுபிசுத்து உரியத் தொடங்கும். காற்றோடும் இடத்தில் தொங்கவிட்டு, நவம்பர் மழை முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து உதறி, உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.